முதல் வரியில் ஒரு பூஜ்யம்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் என்னை எங்க விட்டீங்க? கம்பெனி கேட்டுக்கு வெளியே, மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில வச்சிக்கிட்டு, எங்க வீட்டுக்காரரோட சண்டை போட்டுக்கிட்டு நின்னேன். இன்னும் அங்கயேதான் நிக்கிறேன்னு வச்சிக்குங்க. ஒரு வாரம் ஓடிப்போச்சு, சண்டை மட்டும் நகரல.

இந்த வாரம்தான் கதைக்குள்ள காலெடுத்து வைக்கிறவங்களுக்காக ஒரு தடவை சொல்லிடறேன். நான் ஃப்ளோரா. செரண்டாவுல சர்க்யூட் போர்டு செய்யற கம்பெனியில லைன் வேலை. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே அங்கதான். வீட்டுக்காரர் ஹியூபர்ட் அதே கம்பெனி ஸ்டோர்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறாரு. வீட்டுல அவரை "ஷெல்லி அப்பா"ன்னுதான் கூப்பிடுவேன். கதையில பேர் சொல்லிக்கலாம், அவரு பத்திரிகை படிக்கிற ஆளு இல்ல.

அவருக்கு நைட் ஷிப்ட், எனக்கு காலை ஷிப்ட். நான் ஓட்டிக்கிட்டு வர்ற மோட்டாரை அவரு வாங்கி வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போவாரு. சாயங்காலம் நான் கம்பெனி பஸ்ல வீட்டுக்குப் போனா, அவரு எழுந்து வேலை பஸ்ஸுக்குக் கெளம்பற நேரம். குடும்பம் நடத்தறோமா, சாவி மாத்திக்கிறோமான்னு எனக்கே சந்தேகம் வரும்.

இப்படிப்பட்ட எங்களுக்கு இந்த வயசுல எதுக்கு சி ப்ரோக்ராமிங்னு கேப்பீங்க. நாங்களா ஆசைப்பட்டோம்? கம்பெனியில புது டெஸ்டிங் மெஷின் வருது. அதுக்குச் சின்னச் சின்ன ப்ரோக்ராம் எழுதத் தெரிஞ்சவங்களை மட்டும் டெஸ்டிங் பகுதிக்கு எடுத்துக்குவாங்களாம். மத்தவங்களுக்கு வருஷக் கடைசியோட கும்பிடு. என்ஜினியர் உமாசுதன் ஞாயித்துக்கெழமையில வகுப்பு எடுத்தாரு. மாதா கோயில்ல பூசை முடிஞ்ச கையோட, தலையில போட்ட முக்காட்டைக்கூட எடுக்காம ஓடுவேன்.

ஹியூபர்ட்டுக்கு அதுல எல்லாம் நாட்டமில்ல. அவரு தம்பி ட்ரெவர் சுங்கை பெசார்ல நெல் லோரி வச்சிருக்கான். "அண்ணே, வந்துடுங்க, ரெண்டு பேருமா ஓட்டலாம்"னு அவன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். இவருக்கும் முழங்கால் போச்சு, நைட் ஷிப்ட் போதும்னு ஆயிடுச்சு. நான்தான் மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறேன். அங்க போனா நான் யாரு? ட்ரெவரோட அண்ணி. அவன் வீட்டுக்குப் பின்னால ரெண்டு ரூம், அவன் பொண்டாட்டியோட அடுப்பு. இங்க என் நெஞ்சுல என் பேர் போட்ட அட்டை தொங்குது. அதைக் கழட்டிக் கொடுக்க எனக்கு மனசில்ல.

கடைசியா ஒரு முடிவுக்கு வந்தோம். நான் டெஸ்ட் பாஸ் பண்ணா செரண்டா. இல்லேன்னா சுங்கை பெசார். எனக்குத் தொணையா அவரும் வகுப்புல பேர் கொடுத்தாரு. அந்த டெஸ்ட்தான் இந்தச் சனிக்கெழமை.

சண்டை எதுக்குன்னு மறந்திருப்பீங்க. ஒரு பூஜ்யத்துக்கு.

எங்க படிப்பு எப்படின்னு சொன்னாத்தான் அது விளங்கும். நான், ஹியூபர்ட், என் லைன்ல பக்கத்து நாற்காலி அம்சவள்ளி, மூணு பேருக்கும் வாட்ஸாப்புல ஒரு குரூப். பேரு "செமிகோலன்". ஒவ்வொரு வரிக் கடைசியிலயும் அதைப் போட மறந்து நாங்க பட்ட பாட்டுக்காக அம்சா வச்ச பேரு. ஸ்டோர்ல தேத்தண்ணி நேரத்துல அவரு ஒரு கேள்வியைப் பேசி அனுப்புவாரு. நான் பஸ்ல கேப்பேன். அம்சா சோறு வடிச்சிக்கிட்டே பதில் சொல்லுவா. அவ குரலுக்குப் பின்னால அவ வீட்டு டிவியும் சேந்து ப்ரோக்ராமிங் படிக்கும்.

ஒரு தடவை, இருக்கற எண்கள்ல பெருசு எதுன்னு கண்டுபிடிக்கிற கணக்கு. அம்சா சொன்னா, பாசார் மாலாம் ராச்சந்தையில மீன் எடுக்கற மாதிரிதான், கையில ஒண்ணை வச்சிக்க, அதைவிடப் பெருசு வந்தா மாத்திக்கன்னு. மொதல்ல கையில எதை வச்சிக்கிறதுன்னு நான் கேட்டேன். ஒண்ணுமில்லாம சீரோல ஆரம்பிக்கலாம்னா. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. ஹியூபர்ட்டோட பதில் கடைசியா வந்துச்சு. மறுநாள் விடியக்காலையில அனுப்பியிருந்தாரு: அவரு முன்னாடி வேலை செஞ்ச ஐஸ் ஸ்டோர்ல எல்லா ரூமும் சீரோ டிகிரிக்குக் கீழதான் இருக்கும், சீரோல ஆரம்பிச்சா எந்த ரூமும் அதைத் தாண்டாது, இல்லாத ரூமை இருக்குன்னு சொல்லிடும் உங்க ப்ரோக்ராம், மொத ரூமையே கையில வச்சிக்கிட்டு ஆரம்பிங்கன்னு.

படுபாவி மனுஷன், நைட் பூரா பெட்டி தூக்கிக்கிட்டே அதை யோசிச்சிருக்காரு. அந்தக் குரல் செய்தியை நான் மூணு நாலு தடவை கேட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்த மாதிரிப் பேச்சு இருந்து ரொம்ப நாளாச்சு.

அப்புறம்தான் அந்தப் பூஜ்யம். ஒவ்வொரு பெட்டியிலயும் எத்தனை போர்டு ரோசாக், அதாவது பழுதுன்னு எண்ணற ப்ரோக்ராம் எழுதி வச்சிருந்தேன். என் லேப்டாப்புல அழகா ஓடுச்சு. போன சனிக்கெழமை காலையில கோப்பி குடிச்சிக்கிட்டே தொறந்து பார்த்தா, நான் எழுதாத ஒரு வரி உச்சியில உக்காந்திருக்கு. எண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எண்ணிக்கையைப் பூஜ்யம் ஆக்கற வரி. நான்தான் ஒவ்வொரு பெட்டி முடிஞ்சதும் கடைசியில பூஜ்யம் ஆக்கறேனே, மேல எதுக்கு? அழிச்சேன். கேட்டுல சாவி கொடுக்கறப்ப கேட்டேன். ஆமா, நான்தான் போட்டேன், சும்மா ஒரு பாதுகாப்புக்குன்னாரு.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்துச்சோ. என்ன பாதுகாப்பு, யார்கிட்ட இருந்து பாதுகாப்பு, என் வேலையை இவ்வளவு நாளா யாரும் பின்னால வந்து சோதிச்சதில்ல, நீங்க யாருன்னு கேட்டுட்டேன். அவரு சாவியை வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் ஒரு வாரமா எங்களுக்குள்ள பேச்சே இல்ல. குரூப்புல மட்டும் பேசிக்கிட்டோம், அதுவும் அம்சாவைப் பார்த்துப் பேசற மாதிரி.

இனி இந்தச் சனிக்கெழமை.

காலை ஷிப்டுக்கு லீவு போட்டுட்டு, இருக்கறதுலயே நல்ல புடவையா ஒண்ணைச் சுத்திக்கிட்டுப் போனேன். ஹியூபர்ட் நைட் ஷிப்ட் முடிச்சிட்டு அப்படியே ட்ரெயினிங் ரூமுக்கு வந்திருந்தாரு. கண்ணு செவந்து கெடந்துச்சு. பசியாறிட்டீங்களான்னு கேக்க வாய் வந்துச்சு, கேக்கல. அவரு முன் வரிசையில உக்காந்தாரு. நானும் அம்சாவும் அவருக்குப் பின்னால.

கேள்வித்தாளைத் திருப்புனதும் எனக்கு ஆண்டவரே நேர்ல வந்த மாதிரி இருந்துச்சு. பெட்டி பெட்டியா போர்டு, எத்தனை ரோசாக்குன்னு எண்ணற அதே கணக்கு, கொஞ்சம் மாத்தி. எழுதி முடிச்சு ஓட்டிப் பார்த்தேன். ரெண்டாவது பெட்டி சரி. மூணாவது சரி. கடைசி வரைக்கும் சரி. மொதல் பெட்டியில மட்டும், நாலு ரோசாக் வரவேண்டிய எடத்துல, எங்கேயோ இருக்கற லட்சக் கணக்குல ஒரு நம்பர்.

மறுபடி ஓட்டினேன். வேற ஒரு லட்சம். கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன். வீட்டுல ஒரு தடவைகூட இப்படி வந்ததில்ல. பக்கத்துல அம்சா ஸ்கிரீனைப் பார்க்காம கூரையைப் பார்த்து ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தா. அதுலயே தெரிஞ்சு போச்சு, அவளுக்கும் அதே கதின்னு. நேரம் முடிஞ்சிருச்சு.

உமாசுதன் ஒவ்வொரு கம்ப்யூட்டரா பார்த்துக்கிட்டு வந்தாரு. யாழ்ப்பாணத்து ஆளுங்க, தாத்தா காலத்துல எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கெழுதற கிராணியாம். மரியாதையான பையன், லைன்ல வேலை பாக்கற பொம்பளைங்களையும் அக்கான்னுதான் கூப்பிடுவாரு. எங்க மூணு பேரையும் மட்டும் இருக்கச் சொல்லிட்டு மத்தவங்களை அனுப்பினாரு.

"சரியா எழுதினா எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வரும், அதை நான் கேக்க மாட்டேன்"னாரு. "ஆனா உங்க மூணு பேருக்கும் தப்பு ஒரே மாதிரி இருக்கு. ஒரே எடத்துல. எண்ணிக்கையை மேல சீரோ ஆக்கல, கடைசியில ஆக்கியிருக்கீங்க. இப்படி யாரும் எழுத மாட்டாங்க அக்கா. மூணு பேர் தனித்தனியா எழுதவே மாட்டாங்க."

மேல பூஜ்யம் போடலேன்னா என்ன ஆகும்னு அவரே விளக்கினாரு. அந்த எடத்துல முன்னாடி என்ன குப்பை கெடந்துச்சோ அதுல இருந்து எண்ண ஆரம்பிச்சிடுமாம். என் லேப்டாப்புல அந்த எடம் தற்செயலா காலியா இருந்திருக்கு, இங்க இல்ல. நான் ஹியூபர்ட்டைப் பார்க்கல. அவரு தரையைப் பார்த்துக்கிட்டிருந்தாரு.

வகுப்புக்கு வெளிய எவ்வளவு வேணும்னாலும் கலந்து பேசுங்க, டெஸ்ட் ரூம்ல ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதினா பேரை அடிச்சிடுவோம்னு மொத வகுப்புலயே சொல்லியிருந்தாங்க. கெண்டின்ல உக்காருங்க, பெரியவங்ககிட்ட பேசிட்டு வர்றேன்னு உமாசுதன் போயிட்டாரு.

கெண்டின்ல எங்களுக்குள்ள ஆரம்பிச்சுது. "நீதானக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்த"ன்னு அம்சா அழுதா. நான் எப்ப சொல்லிக் கொடுத்தேன், நீ எழுதினது நீ எழுதினதுன்னு நானும் கத்தினேன். ஹியூபர்ட் கோப்பி வாங்கி எங்க முன்னால வச்சிட்டு, தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டாரு. எனக்கு அசதியா வந்துச்சு. சுங்கை பெசார் வெயிலும், ட்ரெவர் வீட்டு அடுப்பும் கண்ணு முன்னால வந்துச்சு. போதும்டா சாமி, போயிடலாம்னுகூட ஒரு நிமிஷம் தோணிச்சு.

அப்படியே மத்தியானம் லைன்ல ஷிப்ட் மாறற நேரம் வந்துச்சு. கெண்டின் கண்ணாடி வழியா எங்க லைன் தெரியும். நான் லீவு போட்டதால என் எடத்துல லீலாவதி உக்காந்திருந்தா. எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி அவ ரோசாக் கவுண்டர் பட்டனை அழுத்திப் பூஜ்யம் ஆக்கினா, எழுந்து நாற்காலியைத் துணியால ஒரு தடவை தொடச்சா. அடுத்த ஷிப்ட் நித்தியா வந்து உக்காந்தா. உக்காந்தவ கவுண்டர் பக்கம் திரும்பவே இல்ல. நேரா போர்டை எடுத்து வேலையை ஆரம்பிச்சிட்டா.

நான் தெனமும் செய்யறதுதான். ஆனா அன்னிக்குத்தான் பார்த்தேன்.

எங்க லைன்ல அது ஒரு வழக்கம். எப்ப யார் ஆரம்பிச்சதுன்னு தெரியாது. போறவதான் பூஜ்யம் ஆக்கணும். வர்றவ பார்க்கக் கூடாது. பார்த்தா, முன்னாடி இருந்தவ ஒழுங்கா முடிக்கலன்னு சந்தேகப்படறதா அர்த்தம். எனக்கு அப்புறம் உக்கார வந்த ஒரு புதுப் பொண்ணு அப்படிக் குனிஞ்சு பார்த்துட்டான்னு, நான் ஒரு மாசம் அவகூடப் பேசினதில்ல. அம்சாவுக்கு நான் எதுவும் சொல்லிக் கொடுக்கல. எங்க ரெண்டு பேருக்கும் அந்த நாற்காலி சொல்லிக் கொடுத்திருக்கு.

ஓடிப்போய் உமாசுதனைக் கூட்டிக்கிட்டு வந்தேன். சார், திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க, மொதல்ல இதைப் பாருங்கன்னு கண்ணாடிகிட்ட நிக்க வச்சேன். அடுத்த மெஷின்ல ஆள் மாறறதையும் பார்த்தாரு, அதுக்கடுத்ததையும் பார்த்தாரு. எங்களையும் கூட்டிக்கிட்டு உள்ள போய் நித்தியாகிட்ட கேட்டாரு, உக்காந்ததும் கவுண்டரைப் பார்க்க மாட்டீங்களான்னு. அந்தப் பொண்ணுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

"எதுக்குப் பார்க்கணும்? லீலாக்கா போட்டுட்டுத்தான் போவாங்க."

உமாசுதன் சிரிச்சாரு, நக்கல் இல்லாத சிரிப்பு. "விளங்குது அக்கா. நீங்க வேலை செய்யற மாதிரியே எழுதியிருக்கீங்க. கம்ப்யூட்டருக்கு முன்னாடி லீலாக்கா யாரும் உக்காந்திருக்கலையே"ன்னாரு.

எனக்குப் போன உசுரு திரும்ப வந்துச்சு. அம்சா என் கையைப் பிடிச்சிக்கிட்டா. அப்பத்தான் அவரு ஹியூபர்ட் பக்கம் திரும்பினாரு.

"அண்ணே, நீங்க ஸ்டோர் ஆச்சே. அங்கயும் இப்படித்தானா?"

ஸ்டோர்ல அப்படி இல்ல. அது எனக்கு நல்லாவே தெரியும். ஸ்டோர்ல வந்தவன்தான் எண்ணணும், முன்னாடி இருந்தவன் அண்ணன் தம்பியா இருந்தாலும் எண்ணாம கையெழுத்துப் போடக் கூடாது. நான் என்னையும் அம்சாவையும் காப்பாத்த எடுத்துக்கிட்டுப் போன சாட்சி, என் புருஷனைப் பிடிச்சுக் கொடுத்துடுச்சு. எங்களுக்கு ஒரு காரணம் இருக்கு. அவருக்கு இல்ல. அப்ப பார்த்து எழுதினது அவருதான்னு ஆகுது.

அங்கயும் அப்படித்தான் சார்னு சொல்ல வாயைத் தொறந்துட்டேன். முழுப் பொய். முதல் எழுத்து நாக்குல வந்துடுச்சு.

"இல்ல சார்," ஹியூபர்ட் முந்திக்கிட்டாரு. "ஸ்டோர்ல வந்தவன்தான் எண்ணுவான். நான் இவங்களைப் பார்த்துத்தான் எழுதினேன்."

எனக்கும் அம்சாவுக்கும் திங்கக்கெழமை காலையில வேற கேள்வியோட மறு டெஸ்ட். ஹியூபர்ட் பேரை அடிச்சாச்சு. அதை எங்க முன்னாடி சொல்ல உமாசுதனுக்கே கஷ்டமா இருந்துச்சு. மன்னிச்சிருங்க அண்ணேன்னாரு. பரவால்ல லா சார்னு இவரு அவரைச் சமாதானப்படுத்திட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டாரு.

மோட்டார் நிறுத்தற எடத்துக்கு வர்ற வரைக்கும் நான் ஒண்ணும் கேக்கல. அங்க வந்ததும் கேட்டேன்.

"நீங்க முன் வரிசை. நான் உங்களுக்குப் பின்னால. முதுகுல கண்ணு வச்சிருக்கீங்களா?"

அவரு சாவியைத் தேடினாரு. சாவி என்கிட்ட இருந்துச்சு. நான் கொடுக்கல.

"மொதல்ல சரியாத்தான் எழுதினேன்"னாரு. "மேல சீரோ போட்டு. அப்புறம் அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"உன்னோடது தப்பா வரும்னு தெரியும். எனக்கு மட்டும் வந்தா நான் டெஸ்டிங்ல உக்காரணும், நீ வீட்டுல இருக்கணும். அது ஒரு பொழப்பா? ரெண்டு பேருக்கும் வரலேன்னா சுங்கை பெசார் போயிடலாம். அப்படித்தான் நெனச்சேன்."

ஒளிக்காம சொன்னாரு. அதுதான் எனக்கு இன்னும் வலிச்சுது. தப்பா வரும்னு தெரிஞ்சே என்னை உள்ள போக விட்டீங்களான்னு கேட்டேன். ஒரு தடவை சொன்னேன், நீ அழிச்சிட்ட, எத்தனை தடவை சொல்லணும்னு அவரு கேட்டாரு. நான் விடற ஆளா? அடுத்ததைக் கேட்டேன்.

"அப்புறம் எதுக்கு உள்ள பழியை நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

"நீ எனக்காகப் பொய் சொல்ல வாயைத் தொறந்த. பார்த்துக்கிட்டு நிக்க முடியல."

சாவியைக் கொடுத்தேன். வழி பூரா அவரு தோளைப் பிடிச்சிக்கிட்டுத்தான் வந்தேன். பிடிக்காம எப்படி வர்றது, ரோடெல்லாம் குழி. ஆனா குழி இல்லாத எடத்துலயும் கையை எடுக்கல, அதையும் சொல்லிடறேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரு ஒரு வாய் சோறு சாப்பிட்டுட்டுப் படுத்துட்டாரு. மக ஷெல்லி ரவாங் கிளினிக்ல வேலை முடிஞ்சு வந்தா. என்னம்மா ஆச்சுன்னு கேட்டா. திங்கக்கெழமை இன்னொரு டெஸ்ட்னு மட்டும் சொன்னேன். அவ என் மூஞ்சியைப் பார்த்துட்டு மேல கேக்காம குளிக்கப் போயிட்டா, புத்திசாலிப் பொண்ணு.

லேப்டாப்பைத் தொறந்தேன். அது ஷெல்லி படிச்ச காலத்துப் பழசு. என் பழைய ப்ரோக்ராமை எடுத்து, உச்சியில அந்த வரியைத் திரும்ப எழுதினேன். எண்ணிக்கை பூஜ்யம், செமிகோலன். டெஸ்ட்ல வந்த பெட்டிக் கணக்கையே போட்டேன். ஓட்டினேன். மொதப் பெட்டி, நாலு. எல்லாப் பெட்டியும் சரி.

ரூம்ல அவரு குறட்டை கேட்டுச்சு. எனக்கு அவரு மேல கோபம் போகல. பாவமும் போகல. ரெண்டும் ஒரே எடத்துல உக்காந்திருந்துச்சு. எழுந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்: நீங்க போட்டதுதான் சரி, நாளைக்கு உக்காந்து மத்ததையும் எனக்குச் சொல்லிக் கொடுங்க, திங்கக்கெழமைக்கு அப்புறம் சுங்கை பெசாரைப் பத்திப் பேசுவோம், நான் கத்த மாட்டேன். நிஜமாவே அப்படித்தான் நெனச்சேன். கோழிகூட வெளிய எடுத்து வச்சேன், அவருக்குப் பிடிச்ச மாதிரி பெரட்டலாம்னு.

அப்பத்தான் போன் அடிச்சுது. ட்ரெவர்.

"அண்ணி, அண்ணன் போனை எடுக்கலியே, தூங்கறாரா? லோரியைக் கழுவி வச்சாச்சு. அறுவடை முடிஞ்சு சும்மாதானே நிக்குது. நாளைக்குப் பூசைக்கு முன்னாடியே வந்துடவா, பூசை முடிஞ்சு வரவா?"

எந்த லோரி, எதுக்குன்னு கேட்டேன்.

அவன் மெதுவா கேட்டான், அண்ணன் சொல்லலியான்னு.

"போன சனிக்கெழமை காலையிலயே போன் பண்ணிட்டாரே அண்ணி. நாங்க வர்றோம், டெஸ்ட் முடிஞ்ச மறுநாள் லோரியோட வந்துடுன்னு."

போன சனிக்கெழமை காலையில. கேட்டுல என்கிட்ட சாவி வாங்கிக்கிட்டு ஒண்ணும் பேசாம வீட்டுக்குப் போனவரு. அந்தப் பூஜ்யத்தை நான் அழிச்ச அன்னிக்கு. நான் இன்னும் டெஸ்ட்டே எழுதல, அதுக்குள்ள தோத்துட்டேன்னு முடிவு பண்ணி லோரிக்குச் சொல்லிட்டாரு. ஒரு வாரம் குரூப்புல அம்சாவுக்கு ப்ரோக்ராமிங் பாடம் சொல்லிக் கொடுத்துக்கிட்டே, இதை வயித்துக்குள்ள வச்சிக்கிட்டு இருந்திருக்காரு.

"அண்ணி? லைன்ல இருக்கீங்களா?"

கோழியைத் திரும்ப ஐஸ்பெட்டியில வச்சேன். ரூம் கதவு கொஞ்சம் தொறந்திருந்துச்சு. குறட்டை நின்னு போயிருந்துச்சு.

"இருக்கேன் ட்ரெவர்"னேன், உள்ள கேக்கற மாதிரியே. "லோரி வரட்டும். ஒரு ஆளு சாமானுக்கு மட்டும் எடம் இருந்தா போதும்."